ஐந்தரை மணிப் பூசை

சூரியனை அணைத்துவிட்டு அனிதா நட்சத்திரங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது சுடிதார் பையில் கிடந்த போன் மூன்றாவது தரம் அதிர்ந்தது. எடுக்கவில்லை. சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு ஹால் அது. நடுவில் காற்றடித்து நிறுத்திய கறுப்புத் துணிக் கூடாரம். அதற்குள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர் மல்லாந்து கிடந்தார்கள். வெளியே அவள் புருஷன் ராஜவேல் காற்றடிக்கும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். விசிறி நின்றால் வானம் பிள்ளைகள் தலையில் வந்து விழும். கடலூர் மாவட்டத்தில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் இப்படிக் கூடாரத் துணியில் வானத்தைப் படமாக விரித்துக் காட்டுவதுதான் இருவருக்கும் பத்து வருஷப் பிழைப்பு.

"மிஸ், கருந்துளைய ஏன் மிஸ் பாக்க முடியாது?"

ஒரு பெண்பிள்ளையின் குரல். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்கள். அனிதாவுக்குப் பதில் மனப்பாடம்.

"ஒரு பொருள பாக்கணும்னா அதுலேர்ந்து வெளிச்சம் கெளம்பி நம்ம கண்ணுக்கு வரணும். சூரியன் தானே வெளிச்சம் குடுக்குது. நெலா குடுக்கல, அது மேல விழுந்ததத் திருப்பி அனுப்புது. கருந்துளை ரெண்டையும் செய்யாது. அதோட இழுப்பு அவ்ளோ ஜாஸ்தி. அதச் சுத்தி ஒரு எல்ல இருக்கு. அந்த எல்லையத் தாண்டி உள்ள போன வெளிச்சம் திரும்பாது. வெளிச்சமே வரலன்னா எத வெச்சிப் பாக்கறது?"

"போட்டோ எடுத்திருக்காங்களே மிஸ்?"

"அதுல வளையமாட்டம் தெரியுதே, அது சுத்தி சூடாயி சுழல்ற வாயு. அதோட வெளிச்சம்தான் நமக்கு வந்துச்சு. நடுவுல கறுப்பா இருக்கறது வெறும் நெழலு."

"அப்ப அங்க இருக்குதுன்னு எப்படிச் சொல்றாங்க?"

"பக்கத்துல இருக்கற நட்சத்திரங்கள வருஷக்கணக்கா பாத்தாங்க. ஒண்ணுமே தெரியாத ஒரு எடத்த அதுங்க வேகவேகமா சுத்திச் சுத்தி வருது. ஒண்ணும் இல்லன்னா எதுக்குச் சுத்தணும், சொல்லு?"

பிள்ளை விடவில்லை. மறுபடி கேட்டது.

"பக்கத்துல எதுவுமே சுத்தலன்னா? சும்மா இருட்டும் கருந்துளையும் ஒரே மாதிரிதானே மிஸ் இருக்கும்?"

அனிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து வருஷத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. "ஒம் பேரு என்னாம்மா?" என்றாள். "வெண்மதி" என்றது குரல். "பாக்கறதுக்கு ஒரே மாதிரிதான் வெண்மதி," என்று அனிதா சொல்லி வாயை மூடுவதற்குள் போன் நாலாவது தரம் அதிர்ந்தது.

கூடாரத்தின் வாயில் வழியாகத் தவழ்ந்து வெளியே வந்து எடுத்தாள். கடலூரிலிருந்து தம்பி ஜெகன்.

"அக்கா, அப்பா போயிட்டாருக்கா."

"எப்ப?"

"வெடிகாலம் நாலு மணிக்கு. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சு. அஞ்சு மணிக்கு அடக்கம். வர்றதுன்னா வா. சண்ட கிண்டன்னு ஒண்ணும் ஆவாது, நான் பாத்துக்கறேன்."

ஹால் சுவரில் மணி பத்தே முக்கால் ஆகியிருந்தது. சாவுச் சேதி சொல்லவும் ஒரு வரிசை உண்டு. சொந்தக்காரர், பங்குச் சாமியார், ஐஸ் பெட்டிக்காரர், பந்தல்காரர், சமையல்காரர் என்று எல்லாரையும் தாண்டிக் கடைசியாகத்தான் பெற்ற மகளுக்கு வந்திருந்தது. அப்பா லூர்துநாதன் டெலிபோன் இலாகாவில் லைன்மேனாக இருந்தவர். கடலூர் முதுநகரில் அவர் கம்பி இழுக்காத வீடு கிடையாது. அந்த மனுஷர் பதினாலு வருஷமாக மகளுக்கு ஒரு போன் போட்டதில்லை.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி அனிதா ராஜவேலைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் சிதம்பரத்துக்காரன், இவர்களைப்போல் வேதக்காரன் இல்லை, இந்து. சேதி தெரிந்ததும் அப்பா கத்தவில்லை, அடிக்க ஆள் திரட்டவில்லை. "லூர்துநாதனுக்கு ஒரே புள்ளதான். பொண்ணு செத்துட்டா," என்று வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தாராம். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் பேரை யாரும் எடுக்கக் கூடாது. அம்மா சவரிமேரி எடுக்கவில்லை. ஜெகன் எடுக்கவில்லை. அவன் கல்யாணத்துக்குக்கூட அவளைக் கூப்பிடவில்லை.

ராஜவேல் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். "கெளம்பலாமா?" என்றான்.

"இந்த செக்ஷன் முடியட்டும்," என்றாள் அனிதா. தவழ்ந்து உள்ளே போய் மீதி இருபது நிமிஷ வானத்தையும் காட்டினாள். குரல் எங்கேயும் பிசகவில்லை. அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

வண்டி வெள்ளாற்றுப் பாலம் ஏறி, பரங்கிப்பேட்டை திருப்பத்தைத் தாண்டியது. பின்னால் மடித்துப் போட்ட கூடாரத்திலிருந்து ரப்பர் வாடை வந்துகொண்டிருந்தது.

"நான் வண்டியிலயே இருக்கறேன். நீ போயி பாத்துட்டு வா. சாவு வீட்டுல என்ன வெச்சி ஒரு பேச்சு வேணாம்," என்றான் ராஜவேல்.

"சரி," என்றாள். அதற்குமேல் சொல்ல அவளுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் அதற்குள் ஏறிவிட்டது. அப்பா வெள்ளைச் சட்டையில் யாரையும் பார்க்காமல் பார்த்தார். கீழே, 'இவரது பிரிவால் வாடும்' என்று போட்டு, மனைவி சவரிமேரி, மகன் ஆரோக்கிய ஜெகன், மருமகள் நித்யா மேரி, பேரப்பிள்ளைகள் இரண்டு பேர். நித்யா மேரியின் தங்கச்சி பேர்கூட இருந்தது. அனிதா இரண்டு தரம் படித்தாள். எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

பந்தலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். ஐஸ் பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். கையில் செபமாலையைச் சுற்றியிருந்தார்கள். தலைமாட்டில் அம்மா. அனிதாவைப் பார்த்ததும் அம்மா கையை நீட்டி, "வாடி, இங்க ஒக்காரு," என்றாள். கட்டிப்பிடித்துக்கொண்டாள், அழுதாள், முதுகைத் தடவினாள். அனிதாவுக்கு அழுகை வரவில்லை. பெட்டியின் கண்ணாடியில் பனி படிந்து அப்பா முகம் பாதிதான் தெரிந்தது. துடைத்துப் பார்க்க அவளுக்குக் கை வரவில்லை.

பிறகு ஆரம்பித்தார்கள். வந்த பெண்கள் எல்லாரும், சொல்லிவைத்ததுபோல், ஒரே பாட்டுத்தான்.

"வெளிய காட்டிக்க மாட்டாரு, ஆனா ஒம்மேல உசுரும்மா."

"உள்ளுக்குள்ளயே வெச்சி மருகினாரு."

"பெத்த மனசு எங்க போவும்?"

அனிதா தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கண் மட்டும் வீட்டைத் துழாவியது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்தப் பதினாலு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த மனுஷர் அவளை நினைத்தார் என்பதற்கு ஏதாவது ஓர் அடையாளம். கண்ணாடி அலமாரியில் தம்பி சின்ன வயசில் கோயிலில் முதல் அப்பம் வாங்கிய புதுநன்மைப் படம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த அவள் படத்தின் இடத்தில் கடிகாரம். அவள் காலேஜில் வாங்கிய கோப்பையைக் காணோம். அவள் படுக்கிற அறையில் பேரப்பிள்ளைகளின் தொட்டில் கொக்கி. ஒரு பொருள்கூட அவள் பக்கம் சாய்ந்து நிற்கவில்லை. அந்தச் சிதம்பரத்துப் பிள்ளை கேட்டது ஞாபகம் வந்தது.

"உள்ளுக்குள்ள இருந்துச்சுன்னு எல்லாரும் சொல்றீங்க. யாரு பாத்தீங்க?" என்று கேட்டேவிட்டாள்.

அப்பாவின் அக்கா ஞானம்மாள் அத்தை, நெல்லிக்குப்பத்திலிருந்து வந்தவள், மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்டிச் சொல்லாதடி. வருஷா வருஷம் அவளுக்குப் பூச வெக்கறேன்னு எந்தம்பியே எங்கிட்ட சொல்லியிருக்கான். ஆகஸ்ட்டு ஒம்போது. ஒரு வருஷம் தவறல. கேட்டுப் பாரு, கோயில் நோட்டுல இருக்கும்."

ஆகஸ்ட் ஒன்பது! அனிதா அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். தலை ஆடவில்லை. அழுகையை அடக்குகிறாள் என்று அனிதா நினைத்துக்கொண்டாள்.

அவள் எழுந்து வெளியே வந்தாள். கால் தரையில் பாவவில்லை. சாவு வீட்டில் சந்தோஷப்படக் கூடாது என்பார்கள், அவளுக்கு வந்த சந்தோஷத்தை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்! புளியமரத்தடியில் நின்ற வண்டிக்கு ஏறக்குறைய ஓடினாள்.

"அப்பா எனக்காக வருஷா வருஷம் பூச வெச்சிருக்காருங்க. நம்ம கல்யாண நாளு அன்னிக்கு."

ராஜவேல் வண்டியை விட்டு இறங்கிவிட்டான். "நெசமாவா?" என்றான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "நம்ம கல்யாண நாளுக்கா? மனுஷன்... நான் இன்னாவோ நெனச்சிட்டேன் அனிதா. இப்ப நான் உள்ள வரலாமில்ல?"

"வாங்க," என்றாள்.

பந்தலில் அவன் நாற்காலி எடுத்துப் போட்டான், தண்ணீர் கேன் தூக்கினான். ஜெகன் அவனைப் பார்த்து ஒரு கணம் தயங்கி, "வாங்க மாமா," என்றான். பதினாலு வருஷத்தில் முதல் தரம். அப்படியே அனிதாவிடம் திரும்பி ஒரு காகிதத்தை நீட்டினான். "அக்கா, மரணப் பதிவேட்டுல எழுத அப்பாவோட ஆதார் ஜெராக்ஸ உபதேசியாரு கேட்டாரு. குடுத்துட்டு வர்றியா?"

அவள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இருந்த வேலை, தானாக வந்தது.

கோயில் எதிர்ச்சாரியில்தான். பூசைச் சாமான்கள் வைக்கிற பின்னறையில் உபதேசியார் ஜோசப் உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் சொல்வதும், யாருக்காகப் பூசை என்று பூசைக் கருத்து எழுதுவதும், துக்க மணி அடிப்பதும் அவர்தான். ஜெராக்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, "நல்லா இருக்கியாம்மா?" என்றார்.

"எங்கப்பா எனக்காகப் பூச வெச்சாராமே. அந்த நோட்ட ஒரு தடவ பாத்துக்கறேன் உபதேசியாரே."

ஜோசப்பின் முகம் மாறியது. "இப்ப எதுக்கும்மா? மொதல்ல அடக்கம் முடியட்டும்."

"பாத்துட்டுக் குடுத்துடறேன்."

நோட்டு மேசைமேல்தான் கிடந்தது. அவர் கை வைப்பதற்குள் எடுத்துவிட்டாள். நாளுக்கு ஒரு பக்கம். பக்கத்தில் இரண்டு கட்டம். இடது பக்கம் நன்றி, வேண்டுதல். வலது பக்கம் இறந்தோர். ஆகஸ்ட் ஒன்பது அடுத்த மாதம்தான் வருகிறது, ஆனாலும் எழுதியாகிவிட்டது. ஐந்தரை மணிப் பூசை. இடது கட்டத்தில் நாலு பேர். ஒருவருக்கு வேலை கிடைத்ததற்கு, ஒருவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிய, இரண்டு பிறந்தநாள். அவள் பேர் இல்லை. தேதியைத் தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று மறுபடி பார்த்தாள். பிறகு வலது கட்டத்துக்குக் கண் போனது. மூன்றாவது வரி.

ஆரோக்கிய அனிதாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. கொடுப்பவர்: தந்தை லூர்துநாதன்.

வெளியே யாரோ மைக்கை ஊதிச் சரிபார்த்தார்கள்.

"நான் சொல்லிப் பாத்தேம்மா," என்றார் ஜோசப். "உசுரோட இருக்கற புள்ளைக்கு இப்டி எழுதக் கூடாதுன்னு மொத வருஷமே சொன்னேன். 'எம் பொண்ணு, எனக்குத் தெரியாதா, நீ எழுதுய்யா'ன்னாரு. வருஷா வருஷம் ஜனவரியில புது நோட்டு போட்டதும் வந்து எழுத வெச்சிடுவாரு. சாமியாருங்க அஞ்சு வருஷத்துக்கு ஒருத்தரா மாறிப் போறாங்க. யாரு செத்தா, யாரு இருக்காங்கன்னு அவுங்களுக்கு என்னா தெரியும்?"

"ஒங்களுக்குத் தெரியுமில்ல?"

ஜோசப் பேனாவை மூடித் திறந்தார். பழைய வருஷத்து நோட்டுகள் பீரோமேல் அடுக்கியிருந்தன. அவற்றை எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

செத்துட்டா என்று அப்பா சொன்னதை அனிதா இத்தனை நாளும் கோபம் என்று வைத்திருந்தாள். கோபம் என்றால் ஆறும், என்றைக்காவது ஒரு நாள் ஆறும் என்று கணக்குப் போட்டு உட்கார்ந்திருந்தாள். இது கோபமா? ஜனவரி பிறந்ததும் சட்டை போட்டுக்கொண்டு வந்து, மேசை எதிரே உட்கார்ந்து, அவசரமில்லாமல் சொல்லி எழுத வைத்தது. மறக்காமல் வந்திருக்கிறார். பதினாலு வருஷமும் அவளைச் சுற்றித்தான் வந்திருக்கிறார். நினைக்காமலே இருந்திருக்கக் கூடாதா, பாவி மனுஷா என்று வாய்க்குள் சொன்னாள்.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக நெற்றியில் சிலுவை போட்டார்கள். "அக்கா, நீ," என்றான் ஜெகன். சின்ன வயசில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அப்பா கட்டைவிரலால் அவள் நெற்றியில் சிலுவை போட்டுத்தான் அனுப்புவார். விரலில் எப்போதும் செம்புக் கம்பி வாடை அடிக்கும். அனிதா குனிந்து அந்தக் குளிர்ந்த நெற்றியில் சிலுவை போட்டாள். முத்தம் கொடுக்கவில்லை. எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பெட்டியைத் தூக்க ஒரு ஆள் குறைந்தது. "மாமா, ஒரு கை குடுங்க," என்று ஜெகன் ராஜவேலைக் கூப்பிட்டான். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிப்போய்த் தோள் கொடுத்தான். பேனரில் பேரில்லாத மருமகன், கோயில் நோட்டில் செத்துப்போனவளின் புருஷன், தெரு முழுக்கத் தலை நிமிர்ந்து தூக்கிக்கொண்டு போனான். அனிதா பின்னால் நடந்தாள். அவனிடம் எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா? வழியெல்லாம் அவன் தோளையே பார்த்துக்கொண்டு போனாள்.

கல்லறைத் தோட்டத்தில் சாமியார் செபம் சொல்லிக் குழியை மந்திரித்தார், மண் போட்டார்கள், கூட்டம் கலைந்தது. ஐந்தே முக்காலுக்குக் குழாயடியில் அம்மாவும் அவளும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

"நோட்டப் பாத்தேன்," என்றாள் அனிதா.

அம்மா கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

"பதினாலு வருஷமாவா?"

"ம்."

"தெரிஞ்சும் அந்தப் பூசைக்குப் போனியா?"

"ஒரு வருஷம் வுடாம போனேன்," என்றாள் அம்மா. "வூட்டுல ஒம் பேர எடுக்க வுடல அவரு. வருஷத்துல ஒரு நாளு கோயில்ல மைக்குல சொல்லுவாங்க. தெருக்கோடி வரைக்கும் கேக்கும். அதக் கேக்கத்தான் போவேன்."

"செத்தவங்க பேரோட சேத்துச் சொல்றதயா?"

"எந்த லிஸ்ட்டா இருந்தா எனக்கு என்னாடி? பேருன்னு ஒண்ணு காதுல வுழுந்துச்சில்ல."

அனிதாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பெட்டிக்குள் கிடந்தவருக்கு வராத அழுகை. இந்தப் பொம்பளையை உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

ஜோசப் தயங்கித் தயங்கி வந்து நின்றார். கையில் நோட்டு. "அடுத்த மாசம் ஒம்பதாந்தேதிக்கு எழுதினது அப்டியே இருக்கும்மா," என்றார். "கொடுத்தவரே போயிட்டாரு. அடிச்சுடட்டா?"

"இருக்கட்டுமே," என்றது அம்மாதான். சட்டென்று வந்துவிட்டது அவள் வாயிலிருந்து.

அனிதா அம்மா பக்கம் திரும்பினாள். "எதுக்கும்மா இருக்கணும்? இனிமே யாரு தடுக்கப் போறா? நீயே கூப்புடலாமே. காலையிலேர்ந்து வாடி போடின்னுதான் கூப்புட்ற. ஒரு தடவ எம் பேரச் சொல்லு."

அம்மா வாயைத் திறந்தாள். உதடு முதல் எழுத்துக்கு விரிந்தது. கண் அனிதாவின் தோளைத் தாண்டி, ஈரம் காயாத செம்மண் மேட்டுக்குப் போனது. அங்கே யாரும் இல்லை. மாலைகளைச் சரிசெய்துவிட்டு ஜெகனும் போய்விட்டான். அம்மா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

ஜோசப் பேனாவைத் திறந்து பிடித்தபடி நின்றார்.

"அடிக்க வேணாம் உபதேசியாரே," என்றாள் அனிதா. "வாசிங்க. அஞ்சரை மணிப் பூசதான? நானும் வரேன். அம்மா பக்கத்துலயே ஒக்காந்து கேக்கறேன்."

கல்லறைத் தோட்ட வாசலில் ராஜவேல், போய் எடுத்துவந்த வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, தோளில் ஒட்டியிருந்த ரோஜா இதழைத் தட்டாமல், இவர்களைப் பார்த்துச் சிரித்தபடி நின்றான். அம்மா குழாயைத் திறந்து, கழுவின கையை இன்னொரு தரம் கழுவினாள்.